ஃபிரேசரா, பால்சமா? இரண்டையும் வளர்த்த அனுபவம்

ஃபிர் என்ற ஊசியிலை மரங்களில், தோட்டத்தில் நடுவதற்கு ஃபிரேசர் ஃபிர் நல்லதா, பால்சம் ஃபிர் நல்லதா என்று நண்பர் கேட்டார். போன வாரம்தான் பட்டுப்போன ஃபிரேசர் ஒன்றை வேரோடு பிடுங்கிப் போட்டேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

அழகில் ஃபிரேசரை அடித்துக்கொள்ள ஆளில்லை. உறுதியான கிளைகள், ஊசியிலையைத் திருப்பினால் வெள்ளி மின்னும் அடிப்பக்கம். கிறிஸ்துமஸ் மரமாக வெட்டி வந்து வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால் வாரக்கணக்கில் இலை உதிராது. பால்சம் இதில் ஒரு படி கீழேதான். இரண்டும் நெருங்கிய சொந்தம், கூம்பு வரும்வரை பிரித்தறிவது கஷ்டம். ஃபிரேசர் கூம்பில் செதில்களுக்கு நடுவிலிருந்து மெல்லிய நாக்குகள் வெளியே நீண்டு கீழ்நோக்கி மடங்கியிருக்கும். பால்சமில் அவை பெரும்பாலும் உள்ளேயே ஒளிந்திருக்கும்.

என் கோபமெல்லாம் ஃபிரேசரின் வேர் மேல்தான். அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சியன் மலைகளில், 1,200 மீட்டருக்கு மேலே வளரும் மரம் அது. அங்கே மழை கொட்டினாலும் சரிவில் வடிந்துவிடும். களிமண்ணில் நீர் தேங்கினால் பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரியால் வேரழுகல் வந்துவிடுகிறது. மேடு கட்டி நட்டேன், வாய்க்காலும் வெட்டினேன். மழை விடாத ஒரே ஒரு பருவம், எல்லாம் வீண். முதலில் ஒரு கிளையில் மட்டும் இலைகள் பழுத்தன. அடித்தண்டில் பட்டையைச் சீவிப் பார்த்தால், வெளிறிய நிறத்தில் இருக்கவேண்டிய உட்பகுதி செம்பழுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த மருந்தும் காப்பாற்றாது. பாவம், சொந்த மலையிலும் அதற்கு நிம்மதியில்லை: ஐரோப்பாவிலிருந்து வந்த அடெல்ஜிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி 1957இல் அங்குள்ள மிட்செல் சிகரத்தில் தென்பட்டது, பிறகு முதிர்ந்த மரங்களை வாரிக்கொண்டு போனது.

பால்சமும் இந்த நோய்க்குத் தப்பியதல்ல. ஆனாலும் கனடாவின் சதுப்பு ஓரங்களில் வளர்ந்து பழகிய மரம். என்னிடம் உள்ளது அதே களிமண்ணில் நிற்கிறது. வசந்தத்தில் சீக்கிரமே துளிர்விட்டு உறைபனியில் கருகும், மான்களும் கடிக்கும். ஆனால் அந்த வாசனை! பட்டையிலுள்ள கொப்புளத்தை நகத்தால் குத்தினால் தெளிந்த பிசின் வழியும். நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லுகளை ஒட்டப் பயன்பட்ட கனடா பால்சம் இதுதான். விரலில் பட்டால் நாள் முழுக்க மணக்கும்.

நண்பரிடம் பால்சம் நடுங்கள் என்றுதான் சொன்னேன். ஃபிரேசர்தான் வேண்டுமென்றால், வேரழுகலைத் தாங்கும் ஜப்பானின் மோமி ஃபிர் வேரில் ஒட்டுக்கட்டிய கன்றாகக் கேட்டு வாங்குங்கள்.