ஹனிகிரிஸ்ப் ஆப்பிள்: ஒன்பது வருட அனுபவம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஹனிகிரிஸ்ப் ஒட்டுக்கன்று வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. கன்று வாங்கலாமா என்று கேட்டால், சுவைக்காகத் தாராளமாக வாங்கலாம், ஆனால் பிஞ்சைக் கிள்ள மனசு வராதவர்களுக்கு இந்த மரம் சரிப்படாது.

சுவையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கடித்தால் மாவாகாது, படக்கென்று துண்டாகப் பெயர்ந்து வாய் நிறையச் சாறு வரும். மற்ற ஆப்பிள்களைவிட இதன் செல்கள் பெரியவை, பல் பட்டதும் உடைந்து சாற்றைக் கொட்டிவிடுகின்றன. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1960இல் கலப்பு செய்து 1991இல் வெளியிட்ட ரகம் இது. நடுவில் வேண்டாம் என்று கழித்துக்கட்ட இருந்த மரத்தை டேவிட் பெட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர்தான் காப்பாற்றினார், அவருக்குப் புண்ணியம்.

சரி, வளர்ப்புக்கு வருகிறேன். ஐந்தாம் வருடம் கொத்துக் கொத்தாகப் பிடித்தது, ஆசையில் அப்படியே விட்டுவிட்டேன், அடுத்த வருடம் மரத்தில் பூவே இல்லை. பிஞ்சுகளுக்குள் இருக்கும் விதைகள்தான் மறு வருடத்துப் பூமொட்டு உருவாகாமல் தடுக்கின்றன, அதுவும் இந்த ரகத்தில் ரொம்ப அதிகம். இப்போதெல்லாம் பிஞ்சு சுண்டைக்காய் அளவு இருக்கும்போதே கொத்துக்கு ஒன்று, காய்க்குக் காய் ஒரு சாண் இடைவெளி என்று விட்டு மற்றதையெல்லாம் கிள்ளிவிடுகிறேன். அதற்காக அளவுக்கு மீறிக் குறைத்தாலும் தப்பு, காய் பெரிதாகி, கால்சியம் போதாமல் அடிப்பக்கம் பழுப்புக் குழிகள் விழும், அந்த இடம் கசக்கும். தழைச்சத்து உரத்தை நிறுத்தி, ஜூனிலிருந்து கால்சியம் தெளித்த பிறகுதான் அது குறைந்தது.

கோடையில் இலை திட்டுத்திட்டாக மஞ்சளானால் பயந்து மருந்தடிக்காதீர்கள், அது இந்த ரகத்தின் சுபாவம். பக்கத்தில் வேறு ரக ஆப்பிளோ, குட்டிக் குட்டியாகக் காய்க்கும் கிராப் ஆப்பிளோ பூக்க வேண்டும், தன் மகரந்தத்தில் இது காய்க்காது. குளிர்காலத்தில் முயல் பட்டையைக் கடிக்கும், அடிமரத்தைச் சுற்றிக் கம்பி வலை கட்டாயம்.

செப்டம்பர் கடைசியில் பறிப்பு. எல்லாம் ஒரே நாளில் பழுக்காது, தோலின் பச்சை மஞ்சளுக்குத் திரும்பியதை மட்டும் பார்த்து மூன்று தடவையாகப் பறிக்கிறேன். காம்பு விறைப்பானது, கூடையில் பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும், அதனால் ஒவ்வொன்றுக்கும் காம்பைக் கத்தரித்துவிடுவேன். அப்புறம் முக்கியமான விஷயம், பறித்த கையோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஒரு வருடம் அப்படி வைத்ததில் தோலில் நாடா மாதிரி பழுப்புப் பட்டைகள் ஓடிப் பாதிக் கூடை வீணாயிற்று. பத்து டிகிரி செல்சியஸ் உள்ள இடத்தில் ஒரு வாரம் வைத்துவிட்டு அப்புறம் உள்ளே வைத்தால் தாங்கும். போன தடவை பொங்கலுக்கு எடுத்து நறுக்கினேன், பறித்த அன்று இருந்த அதே படக் சத்தம்.