லாப்ரடார் குன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அப்பாவுக்கு 79 வயது. கெப்பல் துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு இறக்கியவர். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அவரை லாப்ரடார் பூங்காவுக்குக் கூட்டிப் போய்விடுவேன். மர நிழலில் உட்கார்ந்து, காசு கொடுக்காமல், கப்பல்களை இவ்வளவு பக்கத்தில் பார்க்க சிங்கப்பூரில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வட்டப் பாதை ரயிலில் லாப்ரடார் பார்க் நிலையத்தில் இறங்குங்கள். பெர்லேயர் ஓடையை ஒட்டிப் போகும் பலகைப் பாதை மேடுபள்ளம் இல்லாதது, முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் சரி. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். தண்ணீர் வற்றிய நேரமாக இருந்தால் சேற்றில் நண்டுகள் ஓடும்.

இந்த வட்டாரத்தின் பெயர் பாசிர் பாஞ்சாங். மலாயில் நீண்ட மணல் என்று அர்த்தம். அப்பா வாலிபராக இருந்தபோது பாசிர் பாஞ்சாங் சாலையை ஒட்டியே கடல் கிடந்ததாம். தூர்த்துத் தூர்த்து இப்போது கடல் எங்கேயோ போய்விட்டது. ஆனால் இந்தக் குன்றின் அடியில் பழைய பாறைக்கரை அப்படியே இருக்கிறது. செங்குத்தான இப்படியொரு கரையைப் பெருந்தீவில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. 2002 முதல் இது இயற்கை வனப்பகுதி.

குன்றின் மேல், துறைமுகத்தைக் காக்க பிரிட்டிஷார் கட்டிய கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. பீரங்கி மேடை வரை நான் மட்டும்தான் ஏறுவேன். மழை பெய்த மறுநாள் படிகளில் பாசி வழுக்கும், வயதானவர்களை ஏற்றாதீர்கள்.

அப்பாவுக்குப் பிடித்தது கீழே கரையோரம் நிற்கும் 'டிராகன் பல்' கல். அது அசல் இல்லை, 2005இல் வைத்த நகல்தான். பழைய மாலுமிகள் அடையாளமாகக் கொண்ட அசல் பாறையை, கப்பல்கள் நுழைய வழி போதவில்லை என்று 1848இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். முதல் தடவை நான் இதைப் படித்துச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த வழியில வந்த கப்பல்லதாம்மா நம்ம சோறு," என்றார்.

மாலை ஐந்து மணிக்குப் போங்கள். தண்ணீர், கொசு மருந்து, பசித்தால் கொறிக்க ஏதாவது கையில் இருக்கட்டும். நாங்கள் ஆறரைக்குக் கிளம்பலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறோம். ஏதாவது ஒரு பெரிய கப்பல் திரும்பிக்கொண்டிருக்கும், அது செந்தோசா தீவைத் தாண்டி மறையும்வரை அப்பா எழுந்திருக்க மாட்டார்.