நேர்சிங் ஹோம் வேலைக்கு எந்த இங்கிலீஷ் வகுப்பு? மூன்றிலும் கால் வைத்தவள் சொல்கிறேன்

பென்டில் ஹில் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள்: "அக்கா, நேர்சிங் ஹோம் வேலைக்குப் போகலாம் எண்டு பார்க்கிறன். முதல்ல எந்த இங்கிலீஷ் வகுப்புக்குப் போக?"

மேற்கு சிட்னியில் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சை எடு என்பார் ஒருவர். அரசாங்கம் சும்மா தரும் வகுப்புக்குப் போ என்பார் இன்னொருவர். நேரே சேர்ட் த்ரீயில், அதாவது பராமரிப்பு உதவியாளருக்கான சான்றிதழ்ப் படிப்பில் சேர், இங்கிலீஷ் தானாக வரும் என்பார் மூன்றாமவர். நான் மூன்றையும் பார்த்துவிட்டு மூன்றாவதில் ஒரு வகையைப் பிடித்துக்கொண்டவள். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

ஐஈஎல்டிஎஸ்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். நேர்ஸாகப் பதிவு செய்யவோ, புள்ளி போட்டு ஆளெடுக்கும் குடியேற்ற விசாவுக்கோ (புள்ளி விசா) தேவை என்றால் அது மாதிரி ஒரு பரீட்சை எழுதித்தான் ஆகவேண்டும். நேர்ஸ் பதிவுக்குப் போகிறவர்கள் மருத்துவத் துறையினருக்கான ஓஈடீ பரீட்சையையும் பார்க்கலாம். கேட்டல், வாசிப்போடு, நோயாளியோடு கதைப்பதும் மருத்துவக் கடிதம் எழுதுவதும் அதில் பரீட்சை. ஆனால் பராமரிப்பு உதவியாளர் வேலைக்கென்று நான் நாலு மாதம் வரைபடத்தை விவரித்ததும், 250 சொல்லில் கட்டுரை எழுதியதும் வீண்தான். வேலைக்குப் போன முதல் கிழமை ஒரு கிழவர், "ஐ ஃபீல் எ பிட் க்ரூக், லவ்" என்றார். நான் படித்த சொற்பட்டியலில் க்ரூக் என்றால் திருடன். உடம்பு சரியில்லை என்கிறார் என்று விளங்க எனக்கு அரை நிமிடம் பிடித்தது.

அடுத்தது ஏஎம்ஈபி, அதாவது குடியேறியவர்களுக்கு அரசாங்கம் சும்மா தரும் அந்த இங்கிலீஷ் வகுப்பு. 1948இல் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்காகத் தொடங்கிய திட்டம், இன்றும் ஓடுகிறது. முன்பு 510 மணித்தியாலம் என்று வரம்பு இருந்தது. 2021 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள், எந்த மட்டம் வரை படிக்கலாம் என்பதையும் உயர்த்தினார்கள். "உங்கள் இங்கிலீஷ் போதும், இடமில்லை" என்று முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு அதற்குப் பிறகு கதவு திறந்தது. பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளை வகுப்பு நேரத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்வார்கள். தாய்மாருக்கு இது சின்ன விஷயம் இல்லை. போனில் கதைக்கவே கை நடுங்குகிறவர்கள் வெட்கப்படாமல் முதலில் அங்கே போகலாம். ஆனால் அங்கே உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் தச்சுவேலைக்குப் போகிறவர், அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கடை திறக்கப்போகிறவர். டொக்டரிடம் நேரம் எடுப்பது, வாடகைப் படிவம், பள்ளிக்கூடக் கடிதம் என்று இந்த நாட்டில் வாழத் தேவையான இங்கிலீஷை அது நன்றாகவே சொல்லித்தரும். நேர்சிங் ஹோமின் இங்கிலீஷ் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

சரி, நான் பிடித்துக்கொண்ட வழி. சேர்ட் த்ரீ இன் இன்டிவிஜுவல் சப்போர்ட் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: 15 பாடம், குறைந்தது 120 மணித்தியாலம் பிளேஸ்மென்ட், அதாவது வேலையிடத்துப் பயிற்சி. ஆனால் சில டேஃப்களிலும் (அரசாங்கத் தொழிற்கல்லூரிகள்) சமூகக் கல்லூரிகளிலும் அதே வகுப்பில் இங்கிலீஷ் ஆசிரியரும் கூட இருப்பார். காலையில் ஆளைக் கட்டிலில் எப்படிப் புரட்டுவது, ஆளைத் தூக்கும் லிஃப்டரை எப்படிப் பிடிப்பது என்று ஒருவர் செய்து காட்டுவார். பின்னேரம் மற்றவர் அதே வேலையைப் பற்றி நோட்ஸ், அதாவது ஷிஃப்டில் கண்டதையும் செய்ததையும் பதியும் குறிப்பு, எழுதவைத்து, சிவப்புப் பேனையோடு உட்காருவார்.

எனக்கு எல்லாம் அந்தச் சிவப்புப் பேனையில்தான் இருக்கிறது. கதைக்க வராது என்றுதான் நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். கதைப்பதில் பிழை விட்டால் கையைக் காட்டலாம், சிரிக்கலாம், திருப்பிச் சொல்லலாம். எழுதியது அப்படியே கிடக்கும். நேர்ஸ் வாசிப்பார், டொக்டர் வாசிப்பார், ஒரு நாள் அந்த முதியவரின் மகள் வந்து கேட்பார். 2021 ஏப்ரலிலிருந்து முதியோர் இல்லங்களில் கடுமையான சம்பவங்களை முதியோர் பராமரிப்பைக் கண்காணிக்கும் அரசாங்க ஆணைக்குழுவுக்கு 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்றும் ஆகிவிட்டது. அந்த அறிக்கையும் உதவியாளர் எழுதிய நாலு வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

வகுப்பில் ஒரு படத்தைக் காட்டினார்கள். விடியற்காலை, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு மூதாட்டி. நான் எழுதியது: கழிப்பறைக்குப் போக எழும்பியதால் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். ஆசிரியை கேட்டார், "விழுந்ததைப் பார்த்தாயா?" இல்லை. "கழிப்பறைக்கு என்று உனக்கு யார் சொன்னது?" யாரும் இல்லை. இரண்டையும் வெட்டினார். மிஞ்சியது: 05:40, ஃபவுண்ட் ஆன் ஃப்ளோர் (தரையில் கிடக்கக் கண்டது), கட்டிலின் இடது பக்கம், வலது பக்கமாகச் சரிந்தபடி, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, காலில் செருப்பு இல்லை.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். தமிழில் நாம் "விழுந்து கிடந்தார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பார்த்தது கிடந்ததை மட்டும், விழுந்தது நம் ஊகம். அதே தமிழில் இன்னொரு வசதியும் இருக்கிறது. "இடுப்பு நோகுதாம்" என்றால், அது அவர் சொன்னது, நான் கண்டதில்லை என்பது ஒரு "ஆம்" விகுதியிலேயே வந்துவிடும். இங்கிலீஷில் அதற்கு "ஸ்டேட்டட்" போட்டு, அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைக்க வேண்டும். "அக்ரெசிவ்" என்ற சொல்லுக்கும் தடை: கோப்பையைத் தட்டிவிட்டார் என்றால் தட்டிவிட்டார் என்று எழுது. இரண்டு மொழி தெரிந்தவளுக்கு எங்கே சறுக்கும் என்று தெரிந்த ஆசிரியர் இருந்தால்தான் இதெல்லாம் வெளியே வரும்.

வேறு ஒரு தனியார் கல்லூரி இருந்தது, பெயர் வேண்டாம். அதே சான்றிதழ், பாதிக் காலத்தில். விடைத்தாள்களைத் தயாராகவே கொடுத்தார்களாம். அங்கிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் ஷிஃப்ட் முடிந்ததும் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று, "அக்கா, இதை ஒருக்கா எழுதித் தாங்கோ" என்பார்கள். ஆளைக் குளிப்பாட்டுவதில் என்னை விடக் கெட்டிக்காரிகள். ஆனால் நான் பார்க்காததை நான் எப்படி எழுதுவது?

இன்னொன்று. மறதி நோய் முற்றும்போது பலர் பிறகு கற்ற மொழியை விட்டுத் தாய்மொழிக்கே திரும்பிவிடுவார்கள். அதனால் தமிழ் தெரிந்தவர்களைத் தேடி எடுக்கிறார்கள். எடுத்த பிறகு, "அவவிடம் கேட்டு இந்தச் சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கித் தா" என்றும் சொல்வார்கள். அது மொழிபெயர்ப்பாளர் வேலை. அரசாங்கத்தின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையான 13 14 50க்கு அடிக்க வேண்டும். மரியாதை குறையாமல் இங்கிலீஷில் மறுப்பதை அந்த வகுப்பில்தான் ஆளுக்கு ஆள் நடித்துப் பழகினோம். புள்ளி விசாவுக்கு 5 புள்ளி தரும் நாட்டி சிசிஎல் என்ற மொழிபெயர்ப்புப் பரீட்சையில் பாஸானாலும் நீங்கள் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். இதில் குழம்புகிறவர்கள் அதிகம்.

குறை இல்லாமல் இல்லை. இடம் குறைவு. வகுப்பு நாட்களில் வேறு வேலை பார்ப்பது கஷ்டம். அடிப்படை இங்கிலீஷ் இல்லாமல் போனால் இரண்டாம் கிழமையே மூச்சு முட்டும். கட்டணம் விசாவைப் பொறுத்து மாறும், சேர முதல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், நான் பேசுவது முதியோர் இல்லத்தைப் பற்றி மட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வீடு வீடாகப் போகும் என்டிஐஎஸ் வேலையில் இருக்கும் என் தம்பி மனைவி, தனக்கு எழுத்தை விடப் போன்தான் தலையிடி என்கிறாள். தனியாக ஒரு வீட்டுக்குள் நிற்கும்போது பக்கத்தில் கேட்க ஆளில்லை. அந்த வேலைக்கு ஏஎம்ஈபியில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுப் போவதே நல்லதாக இருக்கலாம்.

தங்கச்சிக்கு ஒரு கேள்வி மட்டும் சொல்லி அனுப்பினேன்: "நான் எழுதுற நோட்ஸை ஆர் திருத்துவினம் எண்டு கேள்." இரண்டு இடத்துக்கு அடித்தாளாம். ஒரு இடத்தில், "எழுதவே தேவையில்லை, எல்லாம் டிக் போடுறதுதான்" என்றார்களாம். மற்ற இடத்தில் அடுத்த தவணைக்குப் பெயர் பதிந்திருக்கிறாள். அதுவரை செவ்வாயும் வியாழனும் ஏஎம்ஈபிக்குப் போகிறாள், சின்னவனையும் தூக்கிக்கொண்டு.