பதின்வயதுப் பிள்ளைகளுக்கான பலகை விளையாட்டுகள்: கொழும்பு வீடுகளில் நிலைத்தவையும் அலமாரிக்குப் போனவையும்

பெட்டியின் ஓரத்தில் ‘10+’, ‘14+’ என்று இருக்கும் எண்ணை நம்பிப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்க வேண்டாம். அமெரிக்காவில் 12 வயது வரையான பிள்ளைகளுக்கென்று விற்கும் பொருளைத் தனியாகப் பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காகவே 14+ என்று போட்டுவிடும் வெளியீட்டாளர்கள் உண்டு. கோட்நேம்ஸ் என்ற சொல் விளையாட்டு 2015இல் வந்தபோது பெட்டியில் 14+ என்றுதான் இருந்தது, ஆனால் தரம் 6 பிள்ளை அதைத் தாராளமாக விளையாடும். 8+ என்று போட்ட மொனோபொலியோ பதினைந்து வயதுப் பிள்ளையை அரை மணித்தியாலத்தில் கைபேசிக்குத் துரத்திவிடும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீடுகளில் நீண்ட காலம் பாவனையில் இருந்த பெட்டிகளை வைத்துச் சொல்கிறோம். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தன் முறை வராத நேரத்தில் பிள்ளைக்கு மேசையில் என்ன வேலை? நால்வர் விளையாடும்போது ஆளுக்கு இரண்டு நிமிடம் எடுத்தால், ஒருவர் ஆறு நிமிடம் சும்மா இருக்கிறார். அந்த ஆறு நிமிடத்தில் கைபேசி வெளியே வரும். வந்த கைபேசி திரும்ப உள்ளே போகாது.

மொனோபொலி தோற்பது இந்த இடத்தில்தான். ஒருவர் முதல் மணித்தியாலத்திலேயே வெளியேறிவிட்டு மற்றவர்கள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பல வீடுகளில் விதியும் பிழையாக விளையாடப்படுகிறது. நின்ற காணியை ஒருவர் வாங்காவிட்டால் அது உடனே ஏலத்துக்குப் போக வேண்டும் என்பது பெட்டியிலுள்ள விதி. அதை விட்டுவிட்டு, ‘ஃப்ரீ பார்க்கிங்’ கட்டத்தில் காசு குவிப்பதைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டும் சேர்ந்து ஆட்டத்தை இழுத்துவிடும். வீட்டில் பெட்டி இருந்தால் ஏலத்தோடு விளையாடுங்கள், 90 நிமிடத்தில் நிறுத்திச் சொத்தைக் கணக்கிடுங்கள். புதிதாக வாங்கத் தேவையில்லை.

கட்டான், கிளவுஸ் டொய்பர் வடிவமைத்து 1995இல் ஜெர்மனியில் வெளிவந்தது. எங்கள் கேள்விக்கு அது நன்றாகப் பதில் சொல்கிறது. யார் பகடை போட்டாலும் அந்த எண்ணுக்குரிய ஓட்டின் (பலகையை அமைக்கும் அறுகோணத் துண்டின்) ஓரத்தில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருள் கிடைக்கும். அடுத்தவரின் முறையிலும் அவரோடு பேரம் பேசலாம். ஆனால் 3 அல்லது 4 பேருக்கு மட்டும்தான். 5, 6 பேருக்கான மேலதிகப் பெட்டி நேரத்தை நீட்டிவிடும், அதைப் பதின்வயதினருக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

கட்டானில் பிழை நேர்வது ஆரம்பத்தில் வைக்கும் இரண்டு வீடுகளில்தான். இரண்டு பகடையில் வரக்கூடிய 36 சேர்க்கைகளில் 6க்கும் 8க்கும் தலா 5, 2க்கும் 12க்கும் தலா 1. எண் வில்லைகளின் கீழுள்ள சிறு புள்ளிகள் இதைத்தான் காட்டுகின்றன. ஒரு மூலையைத் தொடும் மூன்று ஓடுகளின் புள்ளிகளைக் கூட்டினால் 10க்குக் குறையாத இடமாகப் பார்த்து முதல் வீட்டை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வீடுகளையும் சேர்த்துப் பார்த்தால் மரமும் செங்கல்லும் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீதி போட முடியாமல் பிள்ளை முடங்கிவிடும். முடங்கியவருக்கு அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் தண்டனை. புதியவர்கள் இருந்தால் விதிப்புத்தகத்தில் படமாகப் போட்டிருக்கும் ஆரம்ப அமைப்பையே பாவியுங்கள். முதல் இரண்டு சுற்றுக்கு 7 விழுந்தால் திரும்பப் போடுவது என்று முடிவெடுத்தால், 7 விழுந்தவர் நகர்த்தும் கள்வன் காயை வைத்து எடுத்த எடுப்பிலேயே ஒருவரைக் குறிவைப்பதும் முகம் சுளிப்பதும் குறையும். இது பெட்டியில் இல்லாத விதி, ஆனால் பதின்வயதினருக்கு அவசியம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

டிக்கெட் டு ரைட் (ஆலன் மூன், 2004) வேறு வழியில் வெல்கிறது. அங்கே ஒரு முறைக்குப் பத்து, பதினைந்து செக்கன் போதும். இரண்டு அட்டை எடு, அல்லது ரயில் பாதை போடு, அல்லது புதிய பயணச்சீட்டு எடு, அவ்வளவுதான். அமெரிக்க வரைபடத்தைவிட 2005இல் வந்த ஐரோப்பிய வரைபடம் நல்லது. அதிலுள்ள நிலையங்களால், பாதை அடைபட்டவர் அடுத்தவரின் பாதையைப் பாவித்துத் தப்பலாம். அடிக்கடி மறக்கும் விதி ஒன்று: 2 அல்லது 3 பேர் விளையாடும்போது இரட்டைப் பாதையில் ஒன்றை ஒருவர் எடுத்துவிட்டால் மற்றது மூடப்பட்டுவிடும். இதை விட்டால் வரைபடம் அகலமாகி, ஆளையாள் முட்டாமல் ஆட்டம் சப்பென்று போகும்.

வெளிநாட்டிலிருந்து விளையாட்டு எடுப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் மொழி. சித்தப்பா சுவிஸிலிருந்தோ மாமி பிரான்ஸிலிருந்தோ கொண்டுவரும் பெட்டி ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் இருக்கும். ஓடு அடுக்கும் அஸூல், வில்லை சேர்க்கும் ஸ்பிளெண்டர், படத்துக்குத் துப்புச் சொல்லும் டிக்ஸிட் மூன்றிலும் விளையாடும் பாகங்களில் வாசிக்க எதுவும் இல்லை, எந்த நாட்டுப் பெட்டியும் சரி. டிக்கெட் டு ரைட் ஐரோப்பாவில் நகரப் பெயர்கள் மட்டும்தான், அவையும் அந்தந்த நாட்டு எழுத்துக்கூட்டலிலேயே இருப்பதால் சிக்கலில்லை. கட்டானில் வளர்ச்சி அட்டைகளில் வசனம் உண்டு. கோட்நேம்ஸ் ஜெர்மன் பெட்டி இங்கே எவருக்கும் உதவாது. வாங்குமுன் வாட்ஸப்பில் பெட்டியின் பின்பக்கப் படம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். பயணப்பொதியில் இடமில்லை என்றால் பெட்டியை விட்டுவிட்டுப் பாகங்களைத் தனியாகக் கொண்டுவரச் சொல்லலாம். ஸ்பிளெண்டர் பெட்டியில் பெரும்பகுதி காற்றுத்தான்.

கோட்நேம்ஸ் (விளாடா ஹ்வாட்டில், 2015, அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஆண்டு விளையாட்டு விருது) எட்டு, பத்துப் பேர் கூடும் தீபாவளி, பொங்கல் வீட்டுக்கு மிகப் பொருத்தம். 25 சொற்களை 5க்கு 5 ஆக அடுக்கி, இரண்டு அணிகளின் தலைவர்கள் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மட்டும் சொல்லித் தங்கள் அணியை வழிநடத்த வேண்டும். தொடங்கும் அணிக்கு 9 சொற்கள், மற்றதுக்கு 8, பொதுச்சொல் 7, தொட்டால் உடனே தோற்கும் கறுப்புச் சொல் 1. கொழும்பில் சிக்கல் என்னவென்றால், ஒரே மேசையில் ஆங்கில மூலம் படிக்கும் பிள்ளையும் தமிழ் மூலம் படிக்கும் பிள்ளையும் இருப்பார்கள். ஆங்கிலச் சொற்களோடு விளையாடினால் இரண்டாவது பிள்ளை முதல் ஆட்டத்திலேயே வாயை மூடிக்கொள்ளும். ஆகவே தமிழில் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். செய்து வைத்த தமிழ்ப் பொதி, வாங்கிய பெட்டியைவிட அதிகம் விளையாடப்படும்.

செய்முறை இது. ஏ4 அளவு பிரிஸ்டல் போர்ட் ஒன்றில் 7 சென்ரிமீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் அட்டைகள் 16 வெட்டலாம். ஏழு தாளில் 112 அட்டை, இரு பக்கமும் எழுதினால் 224 சொல். மார்க்கர் பேனை மறுபக்கம் ஊறித் தெரியும், குமிழ்முனைப் பேனையால் தடிப்பாக எழுதுங்கள். எதிரெதிரே இருப்பவர்கள் வாசிக்க ஒரே சொல்லை மேலும் கீழுமாக இரண்டு தடவை எழுத வேண்டும். கண்டுபிடித்த சொல்லை மூடும் அட்டைகளுக்குச் சிவப்பும் நீலமும் தலா 9, வெள்ளை 7, கறுப்பு 1. தலைவர்கள் பார்க்கும் சாவித்தாளுக்கு 5க்கு 5 கட்டம் போட்டு, சமச்சீராக வராதபடி 10 வகை வரைந்தால் போதும். ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் திருப்பி வைக்கலாம் என்பதால் 40 அமைப்பு கிடைத்துவிடும்.

சொல் தெரிவில்தான் வேலை இருக்கிறது. மூன்றில் ஒரு பங்காவது இரண்டு பொருள் தரும் சொல்லாக இருக்கட்டும்: மாலை, ஆறு, பட்டம், நூல், படி, கால், மணி, வரி, ஓடு, கரை, கொத்து. கொத்து ரொட்டியும் சாவிக்கொத்தும் கோழி கொத்துவதும் ஒரே அட்டைக்குள் வருவதுபோன்ற இடங்களில்தான் மேசை சூடாகும். திங்கள், செவ்வாய், வெள்ளி மூன்றையும் சேர்க்காதீர்கள், ‘கிழமை, மூன்று’ என்று சொல்லித் தலைவர் தப்பிவிடுவார். ஒன்று போதும். கோபம், கவலை, அன்பு போன்ற உணர்ச்சிச் சொற்களும் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்வதால் வேண்டாம். புட்டு, பாண், குடை, முதலை, மன்னார், கண்டி என்று கைக்கும் கண்ணுக்கும் அகப்படும் பெயர்களே நல்லவை. மேசையில் ‘ஆறு’ இருந்தால் ‘ஆற்றங்கரை’ என்று துப்புச் சொல்லக்கூடாது, ‘படி’ இருந்தால் ‘படிப்பு’ கூடாது. வேர் ஒன்றானால் மறுப்பு என்று தொடங்குமுன் சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சண்டை. எல்லோருக்கும் விளங்கினால் சிங்களச் சொல்லும் துப்பாகலாம். தலைவர் யோசிக்கும்போது மற்றவர்கள் சும்மா இருப்பார்கள், அதனால் முதல் துப்பைத் தவிர மற்றவற்றுக்கு இரண்டு நிமிட எல்லை வையுங்கள்.

ஓமி, 304 என்ற சீட்டாட்டங்கள் தெரிந்த வீடு என்றால் தி க்ரூ (தோமஸ் சிங், 2019) வாங்குங்கள். சிறிய பெட்டி, 2 முதல் 5 பேர், எல்லோரும் ஒரே அணி. நான்கு நிறத்தில் 1 முதல் 9 வரை 36 அட்டை, அதற்கு மேல் துரும்பாக 4 ராக்கெட். போட்ட நிறத்தையே போட வேண்டும், இல்லாவிட்டால் துரும்பால் வெட்டலாம் என்பதெல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே கைவந்தது. புதியது ஒன்றுதான்: ‘இந்தப் பச்சை 4 அட்டையை நீ வெல்ல வேண்டும்’ என்று ஆளுக்காள் பணி கொடுபடும். பேசக்கூடாது. ஒரு பணிச்சுற்றில் ஒவ்வொருவரும் ஒரேயொரு தடவை, கையிலுள்ள ஓர் அட்டையைக் காட்டி, அது அந்த நிறத்தில் தன்னிடமுள்ள பெரியது, சிறியது, அல்லது ஒன்றேயொன்று என்று அறிவிக்கலாம். துரும்பைக் காட்ட முடியாது.

304 விளையாடியவர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். ஜாக்கும் ஒன்பதும் மேலே நிற்கும் அந்த வரிசை இங்கே இல்லை, எண் பெரிதானால் அட்டை பெரிது. அடுத்தது, கூட்டாளிக்குக் கண்ணால் சாடை காட்டும் பழக்கம். அதை நிறுத்தாவிட்டால் ஆட்டமே இல்லை. 50 பணிகளும் படிப்படியாகக் கடினமாகின்றன. ஆரம்பப் பணிகள் ஐந்து நிமிடத்தில் முடிவதால், டியூட்டரி வகுப்புக்குப் போகும் முன் இரண்டு விளையாடிவிட்டுப் போகலாம். விட்ட இடத்திலிருந்து அடுத்த கிழமை தொடரலாம் என்பது பிள்ளைகளைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவருகிறது. கூட்டாக விளையாடும் பாண்டமிக்கில் இருக்கும் குறையும் இதில் இல்லை. அங்கே அனுபவமுள்ள ஒருவர் எல்லோருக்கும் கட்டளை போட, மற்றவர்கள் காய் நகர்த்தும் கையாகிவிடுவார்கள். பெரும்பாலும் அந்த ஒருவர் அப்பா. இங்கே எவரும் எவருக்கும் கட்டளை போட வழியில்லை.

கூ (ரிக்கி டாட்டா, 2012) 15 அட்டையும் கொஞ்ச நாணயமும் மட்டும்தான். கையில் இல்லாத பாத்திரத்தை இருக்கிறது என்று சொல்லலாம், சந்தேகப்பட்டால் யாரும் எந்த நேரமும் சவால் விடலாம். அதனால் யாரும் கண்ணை எடுக்க மாட்டார்கள். வெளியேறுபவர் காத்திருப்பதும் சில நிமிடம்தான். இரண்டு விடயத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். 10 நாணயம் சேர்ந்துவிட்டால் 7 கொடுத்து ஒருவரைத் தாக்கியே ஆக வேண்டும். கொலையாளிப் பாத்திரத்தைத் தடுக்கும் கொன்டெசா பாத்திரம் இருப்பதாகப் பொய் சொல்லிப் பிடிபட்டால் கையிலுள்ள இரண்டு அட்டையும் ஒரே முறையில் போய்விடும். இதை ஆட்டத்தின் நடுவில் முதன்முதலாகக் கேட்கும் பிள்ளை ஏமாற்றப்பட்டதாகவே நினைக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். அஸூல் இருவருக்கும் மூவருக்கும் மிக நல்லது. ஸ்பிளெண்டர் அமைதியான பிள்ளைக்குப் பிடிக்கும். ஒரே நிறத்தில் இரண்டு வில்லை எடுக்க அந்தக் குவியலில் எடுக்குமுன் குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்ற விதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். டிக்ஸிட் 3 முதல் 6 பேருக்கு (2021 முதல் வந்த பெட்டியில் 8 வரை), தமிழில் துப்புச் சொல்ல ஏற்றது. ஆனால் 84 படங்களும் பழகிவிட்டால் பழைய துப்புகளே திரும்ப வரும், மேலதிகப் படப்பொதி தேவைப்படும்.

கொழும்பில் பெட்டியைக் கெடுப்பது ஈரக்காற்று. காலி வீதிக்குக் கீழே கடற்பக்க வீடுகளில் அட்டை வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டும். பெட்டியை நிலத்திலும் வெளிச்சுவரோடும் வைக்காமல், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். புதிய அட்டைகளுக்கு முதல் ஆட்டத்துக்கு முன்பே பிளாஸ்டிக் உறை போட வேண்டும், வளைந்தபின் போட்டுப் பயனில்லை. கட்டான் அட்டைக்கு 54க்கு 80 மில்லிமீற்றர், டிக்ஸிட்டுக்கு 80க்கு 120, ஸ்பிளெண்டருக்கு வழமையான 63.5க்கு 88. கூவுக்குப் பின்பக்கம் ஒளி ஊடுருவாத உறையே சரி. ஓர் அட்டையில் கீறல் விழுந்தாலும் அது அடையாளமாகி ஆட்டம் செத்துவிடும். ஹோலில் ஃபேன் நிறுத்த முடியாத வெக்கை நாளில் அட்டை விளையாட்டு பறக்கும், அன்றைக்கு அஸூலை எடுங்கள், அதன் ஓடுகள் அசையாது.

மலிவாக விற்கும் போலிப் பெட்டிகளும் இங்கே வருகின்றன. அட்டைகளின் பின்பக்க நிறம் ஒன்றுக்கொன்று சற்று மாறியிருக்கும், கட்டானின் ஓடுகள் சட்டகத்துக்குள் இறுக்கமாகவோ தளர்வாகவோ இருக்கும், விதிப்புத்தகத்தின் எழுத்து மங்கலாக இருக்கும். அஸூலில் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். கூவிலும் தி க்ரூவிலும் பின்பக்க நிறம் மாறினால் கையிலுள்ளது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்த இரண்டையும் வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து, அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.