வண்ணம் பூசாத தாஜின் சட்டியே வாங்குங்கள்

மொராக்கோ சமையலுக்கென்று ஒரே ஒரு பாத்திரம் வாங்குவதாக இருந்தால், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள, வண்ணமோ பளபளப்போ இல்லாத சாதாரண மண் தாஜின், அதாவது கூம்பு மூடி போட்ட ஆழமில்லாத சட்டி, போதும். அதில் செய்யும் சமையலுக்கும் தாஜின் என்றே பெயர். நாலு பேருக்கான கறியும் காய்கறியும் அதில் தாராளமாக வேகும். கடையில் கண்ணைப் பறிப்பது என்னவோ நீலமும் மஞ்சளும் தீட்டிய சட்டிகள்தான், விலையும் அவற்றுக்கே அதிகம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பரிமாறுவதற்காகச் செய்தவை. அடுப்பில் ஏற்றினால் பூச்சு வெடிக்கும், கூடவே சட்டியும் விரிசல் விடும்.

அதைவிடப் பெரிய கவலை காரீயம். பழைய முறையில் செய்யும் பளபளப்புப் பூச்சில் காரீயத் தாது சேர்ப்பது அங்கே வழக்கம். தக்காளி, எலுமிச்சை ஊறுகாய் மாதிரியான புளிப்புகள் இரண்டு மூன்று மணி நேரம் சூட்டில் கிடந்தால் அந்தக் காரீயம் குழம்பில் இறங்கும். ருசியிலோ நிறத்திலோ அது தெரியாது. ‘காரீயம் இல்லை’ என்று தயாரிப்பாளர் எழுத்தில் தராத எந்தப் பூச்சுச் சட்டியிலும் சமைக்காதீர்கள். மொராக்கோவில் மண்பாண்டத்துக்குப் பெயர்போன சாஃபி நகரில் வாங்கிய அழகான வண்ணச் சட்டி வீட்டில் இருந்தால், சமைத்ததை அதில் ஊற்றிவைக்கவும் வேண்டாம், காய்ந்த பேரீச்சையும் பாதாமும் போட்டு மேசையில் வையுங்கள்.

வெறும் மண் சட்டியில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். அடிப்பாகம் ஒரு விரல் கனமாவது இருக்க வேண்டும். சமதளத்தில் வைத்தால் ஆடக் கூடாது. ஆடும் சட்டியில் ஒரு பக்கம் மட்டும் சூடு ஏறி அங்கேயே வெங்காயம் கரியும். விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள்: கணீரென்று கேட்டால் நல்ல சட்டி, மொத்தென்று அடைத்துக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது. மூடியை அடியோடு சேர்த்துச் சுற்றிப் பாருங்கள். மயிரிழை இடைவெளி இருக்கும், அது குறையல்ல. தீக்குச்சி நுழையும் அளவுக்கு இருந்தால் வேறு எடுங்கள்.

அந்தக் கூம்பு மூடியைப் பற்றி விற்பவர்கள் ஏகப்பட்ட பெருமை சொல்வார்கள். ஆவி மேலே போய்க் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் திரும்பி விழுவது உண்மைதான். ஆனால் நன்றாகப் பொருந்தும் எந்த மூடியும் அந்த வேலையைச் செய்யும். கூம்பின் நிஜப் பயன் இடம். கறியை நடுவில் குவித்து அதன்மேல் காய்களைக் கூடாரம் போலச் சாய்த்து அடுக்கும்போது அந்த உயரம் தேவைப்படுகிறது. அதனால்தான் அடியில் கறி எண்ணெயில் வதங்க, மேலே காய் ஆவியில் வேக, ஒரே சட்டியில் இரண்டும் நடக்கிறது. ருசியைத் தருவதோ அந்தக் கனத்த, ஆழமில்லாத மண் அடி. சூட்டை மெல்ல வாங்கி மெல்லவே விடுவதால் குழம்பு தளதளவென்று கொதிக்காமல், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் விட்டபடி வற்றுகிறது.

புதுச் சட்டியைப் பழக்காமல் அடுப்பில் வைக்கக் கூடாது. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். மறுநாள் துடைத்து நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் உலர்த்தி, உள்ளும் புறமும் ஆலிவ் எண்ணெய் தடவி, சூடாக்காத ஓவனில் வைத்து 150 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள். ஓவனை அணைத்த பிறகு சட்டி அதற்குள்ளேயே ஆற வேண்டும். ஓவன் இல்லாத வீட்டில், நம் மண்சட்டிக்குச் செய்வது போலவே வடித்த கஞ்சியை முக்கால்வாசி ஊற்றி, மிகச் சிறு தீயில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். கஞ்சியின் மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். முதல் ஒன்றிரண்டு சமையலில் சட்டியின் வெளிப்பக்கம் வியர்க்கும், போகப் போக நின்றுவிடும்.

மொராக்கோவில் இந்தச் சட்டி மஜ்மர் என்னும் கரியடுப்பில் ஏறும். தணல் அடி முழுவதும் ஒரே சீராகச் சுடும். கேஸ் அடுப்பின் தீயோ வட்டமாக ஓரிடத்தில் குத்தும். நடுப்பகுதி சூட்டில் விரிய, விளிம்பு குளிர்ந்தே இருக்க, அந்த இழுபறியில்தான் சட்டி உடைகிறது. ஆகவே நடுவில் ஒரு இரும்புத் தட்டு கட்டாயம். பிரியாணிக்குத் தம் போட வைக்கிற கனமான தோசைக்கல்லே போதும். கல்லையும் சட்டியையும் ஒன்றாக வைத்த பிறகே தீயைப் பற்றவையுங்கள், சுட்ட கல்லின் மேல் குளிர்ந்த சட்டியை வைக்காதீர்கள். சின்ன பர்னர், முதலில் மிகச் சிறு தீ, பத்து நிமிடம் கழித்துக் கொஞ்சம் கூட்டலாம். நடுவில் தண்ணீர் விட வேண்டியிருந்தால் வெந்நீர்தான். இறக்கும்போது ஈரமான கிரானைட் மேடையில் வைத்தால் அந்த நொடியே விரிசல் விடும். மரப்பலகை அல்லது மடித்த துணி தயாராக இருக்கட்டும்.

இந்தச் சட்டியின் தரத்தைச் சரியாகக் காட்டுவது மொராக்கோவின் பூர்வகுடிகளான பெர்பர் மக்களின் மலையோரப் பாணி கறி-காய்கறித் தாஜின்தான். 30 சென்டிமீட்டர் சட்டிக்கு எலும்போடு 800 கிராம் ஆட்டுக்கறி, முன்சப்பைத் துண்டு, உள்ளங்கையில் பாதி அளவு. மொராக்கோவில் செம்மறிதான் அதிகம். வெள்ளாட்டுக் கறியானால் கொழுப்புள்ள துண்டாகக் கேட்டு வாங்கி, அரை மணி நேரம் கூடுதலாக வேகவிடுங்கள். சுக்குப் பொடி ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரை, மிளகுத்தூள் அரை, சீரகத்தூள் அரை, காரமில்லாத பாப்ரிகா ஒன்று, உப்பு ஒன்றேகால், ஒரு சிட்டிகை குங்குமப்பூ, தட்டிய பூண்டு மூன்று பல், ஆலிவ் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. இவற்றில் கறியைப் பிரட்டி ஒரு மணி நேரம் வையுங்கள். பாப்ரிகா கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. இஞ்சி பூண்டு விழுது வேண்டாம். ஈரமான விழுது மண்ணில் ஒட்டிக் கரியும், பச்சை வாசனையும் போகாது. ராஸ் எல் ஹனூத் என்னும் மொராக்கோ மசாலாக் கலவையையும் இதில் போட வேண்டாம். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் எல்லாத் தாஜினுக்கும் அதைக் கொட்டுகிறார்கள். அங்கே அது பக்ரீதை ஒட்டித் திராட்சை, தேன் சேர்த்துச் செய்யும் ம்ரூசியா போன்ற தித்திப்புக் கறிகளுக்கு உரியது.

இரண்டு பெரிய வெங்காயத்தைத் தடித்த வளையங்களாக அரிந்து அடியில் பரப்புங்கள். கறி மண்ணில் நேராகப் படாமல் காப்பது இந்த மெத்தைதான். அதன்மேல் கறியை நடுவில் குவித்து, கொத்தமல்லி, பார்ஸ்லித் தண்டுகளை நூலால் கட்டி ஒரு கட்டு செருகி மூடிவிடுங்கள். முதல் முக்கால் மணி நேரம் தண்ணீரே தேவையில்லை. வெங்காயமும் கறியும் விடும் நீரே போதும். பிறகு கறியைத் திருப்பிவிட்டு ஒரு டம்ளர் வெந்நீர், அதாவது 200 மில்லி, ஓரமாக ஊற்றி இன்னும் ஒன்றேகால் மணி நேரம். கறி எலும்பிலிருந்து நெகிழ ஆரம்பித்ததும் காய். கேரட் இரண்டு, உருளைக்கிழங்கு இரண்டு, டர்னிப் ஒன்று, எல்லாம் நீளவாக்கில் நான்காக வகிர்ந்து கறியைச் சுற்றிச் சாய்த்து அடுக்கி, லேசாக உப்புத் தூவி 40 நிமிடம். அதன்பிறகு கடைசி அரை மணிக்கு சுக்கினி, ஒரு பிடி பட்டாணி, உச்சியில் தக்காளி வட்டங்கள். உப்பில் ஊறிய எலுமிச்சையானால், கழுவிச் சதையை நீக்கி அரைப் பழத்தின் தோல் மட்டும் போதும், கூடவே பத்துப் பன்னிரண்டு ஆலிவ். நம் வீட்டில் மிளகாய்த்தூள் போடுவதற்கு முன் உப்பில் ஊறும் எலுமிச்சை ஒரு மாதம் ஆனால் அதையே போடலாம்.

தக்காளி ஏன் கடைசியில், ஏன் உச்சியில்? புளிப்புப் பட்டால் கிழங்கு இளகாது. தக்காளியை அடியில் போட்டவர்கள்தான் ‘மூன்று மணி நேரம் ஆகியும் உருளை நறுக் நறுக்கென்று இருக்கிறது’ என்று சட்டியைக் குறை சொல்வார்கள்.

இன்னொரு பெரிய தவறு தண்ணீர். குக்கர் பழக்கத்தில் இரண்டு டம்ளர் ஊற்றினால் கிடைப்பது சூப். அப்படி ஆகிவிட்டால் மூடியைச் சாய்த்து வைத்து, தீயைத் துளி கூட்டி வற்றவிடுங்கள். வெங்காயம் கரைந்து தக்மீரா என்னும் கெட்டிக் குழம்பாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அதுதான் பதம். நடுவில் கரண்டி விட்டுக் கிளறாதீர்கள், அடுக்கு குலைந்து காய் கூழாகிவிடும். சட்டியோடு மேசைக்குக் கொண்டுபோய் ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவதுதான் முறை. கூஸ்கூஸ் என்னும் ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை அங்கே தனிச் சமையல், தாஜினுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பதில்லை.

குக்கரில் இதைச் செய்ய முடியாதா? முடியும். மொராக்கோவிலேயே வேலை நாட்களில் பல வீடுகள் கறியைக் குக்கரில்தான் வேகவைக்கின்றன. நேரம் பாதிக்கும் கீழே குறையும். ஆனால் வெங்காயம் வற்றி நிறம் மாறுவது அழுத்தத்தில் நடக்காது. அதைத் திறந்த பாத்திரத்தில் தனியாக வற்றவிட வேண்டும்.

இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் உள்ள வீட்டுக்கு மண் சட்டி உதவாது. அங்கே லெ க்ரூசே நிறுவனம் செய்வது போல அடி வார்ப்பிரும்பும் மூடி பீங்கானுமாக வரும் தாஜின்தான் வழி. கறியை அதிலேயே சிவக்க வறுக்கலாம், உடையும் பயமும் இல்லை. ஆனால் இரும்பு சீக்கிரம் சூடேறுவதால் வெங்காயம் அடிபிடிக்கும், அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். கேஸ் அடுப்பு இருந்தால், பிரான்ஸின் எமில் ஆன்ரி நிறுவனத்தின் பீங்கான் தாஜின் நேர்த் தீயைத் தாங்கும், கழுவவும் எளிது. அவசரக்காரர்களுக்கு அது நல்ல தேர்வு. விலைதான் இரண்டிலும் இடிக்கும். மண்ணின் அந்த லேசான வாசனையும் வராது.

கழுவ சோப்பு வேண்டாம். மண் அதைக் குடித்து அடுத்த குழம்பில் கக்கும். சட்டி முழுக்க ஆறிய பிறகு வெந்நீரும் தேங்காய் நாரும், அடி பிடித்திருந்தால் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் போகும். ஈரம் முழுக்கக் காய்வதற்கு ஒரு நாள் ஆகும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஈரத்தோடு அடுப்பில் ஏற்றினால் உள்ளே ஆவி புறப்பட்டு வெடிக்கும். மூடியை அடியின்மேல் கவிழ்த்து, இரண்டுக்கும் இடையில் ஒரு மரக்கரண்டி செருகிக் காற்றோட்டமாக வையுங்கள். மீன் தாஜின் செய்யும் ஆசை இருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு சட்டி வாங்கிவிடுங்கள். மீன் வாசனை பழகிய மண்ணை விட்டு லேசில் போகாது.