விரல் கிளிப் ஹீமோகுளோபின் மீட்டர்: முதியவர்களுக்கு எவ்வளவு நம்பலாம்?

ஊசி குத்த வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். விரலில் மாட்டினால் பல அலைநீள ஒளியைச் செலுத்தி, நாடித்துடிப்போடு மாறும் ஒளி உறிஞ்சலை வைத்து ஹீமோகுளோபின் அளவைக் கணக்கிட்டுத் தந்துவிடும். வசதிக்குக் குறையே இல்லை. துல்லியத்தில்தான் சிக்கல்.

விவரக்குறிப்பில் உள்ள '±1' பலரை ஏமாற்றுகிறது. மாசிமோ நிறுவனக் கருவிகளின் எஸ்பிஎச்பி (ஊசியில்லா ஹீமோகுளோபின்) அளவீட்டில், டெசிலிட்டருக்கு 8 முதல் 17 கிராம் வரை, இது ஒரு திட்டவிலக்கம் மட்டுமே. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு அளவீடு அந்த எல்லையைத் தாண்டும். 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் ±2 என்றே கொள்ள வேண்டும். ஒரு மூதாட்டிக்குத் திரையில் 12.6 காட்டினால் உண்மையில் 10.6 ஆகவும் இருக்கலாம், 14.6 ஆகவும் இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் ரத்தசோகை எல்லை பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. முதியவர்களின் ரத்தசோகை பெரும்பாலும் லேசானது, இந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். கருவி தடுமாறுவதும் அங்கேதான். போதாக்குறைக்கு, குறைந்த அளவுகளைச் சற்றுக் கூட்டிக் காட்டும் போக்கும் இவ்வகைக் கருவிகளில் உண்டு.

விரலும் ஒத்துழைக்க வேண்டும். கை சில்லிட்டிருந்தால் துடிப்பு சிக்னல் பலவீனமாகும். கை நடுக்கம், பூஞ்சையால் தடித்த நகம், நகப்பூச்சு எல்லாமே கெடுக்கும். அதே கையில் பிபி பட்டை இறுகினால் கேட்கவே வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையைச் சூடாக்கி, இதய மட்டத்தில் வைத்து, கிளிப்பின் மேல் துணி போட்டு வெளிச்சத்தை மறையுங்கள். கழற்றி மாட்டி மூன்று முறை பாருங்கள். ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த எண்களை எழுதவே வேண்டாம்.

கண் இமையின் உட்பக்கத்தையோ நகத்தையோ படமெடுத்து, அதன் வெளிறலை வைத்து ஹீமோகுளோபினைச் சொல்லும் மொபைல் ஆப்களுக்கு அறை வெளிச்சமே எதிரி. எரிச்சலில் சிவந்த கண் வெளிறலையும் மறைத்துவிடும்.

யாரை முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று பார்க்க இந்தக் கிளிப் உதவும். ஆனால் எல்லையை ஒரு கிராம் உயர்த்திக்கொள்ளுங்கள்: பெண்கள் 13-க்குக் கீழ், ஆண்கள் 14-க்குக் கீழ். வீணாகச் சிலர் பரிசோதனைக்குப் போவார்கள், போகட்டும். மூச்சுத்திணறலோ கறுப்பு மலமோ இருந்தால் திரையில் என்ன எண் வந்தாலும் சிபிசி (முழு ரத்த அணுப் பரிசோதனை) எடுத்தாக வேண்டும். எண் குறைந்ததும் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போடுவதும் தப்பு. குடலில் ரத்தக்கசிவோ, பி12 குறைவோ, சிறுநீரகக் கோளாறோ காரணமாக இருக்கலாம். அதைக் கிளிப் சொல்லாது.