பெருசுங்க தூக்கத்துக்கு எது செட் ஆகும்: காலை வாக்கிங்கா, சாயங்கால வாக்கிங்கா, யோகாவா?

வேலூர்ல தூக்கம் வரலன்னு யார்கிட்ட சொன்னாலும் "விடிகாலைல கோட்டைய ஒரு ரவுண்டு சுத்திட்டு வா, தானா வரும்"னுதான் சொல்வாங்க. பாதி பேருக்கு அது சரி, மீதி பேருக்கு அதுவே வில்லங்கம்.

ஏன்னா வயசானவங்க தூக்கக் கொறை ஒரே மாதிரி இல்ல. பன்னெண்டு மணி வரைக்கும் பொரண்டு பொரண்டு படுக்கறவங்க ஒரு ரகம். காலை வெளிச்சம் கண்ணுல பட்டா உடம்போட கடிகாரம் முன்னாடி நகரும், ராத்திரி சீக்கிரம் தூக்கம் வரும், அவங்களுக்கு கோட்டை ரவுண்டு சரிதான். எங்க நைனா வேற ரகம், எட்டு மணி சீரியல் பாதியிலயே தல சாஞ்சிரும், அப்புறம் மூணு மணிக்கு கிச்சன்ல பாத்திரம் உருட்டற சத்தம் கேக்கும். இந்த மாதிரி ஆளுங்க காலை வெளிச்சத்துல போனா இன்னும் சீக்கிரமாதான் சொக்கும், அதனால சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, வெளிச்சம் இருக்கும்போதே நடக்கறதுதான் பெட்டர்.

வேகமும் முக்கியம், பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது, அந்த அளவு. நாலு அடி நடந்துட்டு பெஞ்சுல ஒக்காந்து பென்ஷன் கதை பேசறதெல்லாம் கணக்குல வராது!

அக்னி நட்சத்திரத்துல சாயங்காலம் ஆறு மணிக்கும் சத்துவாச்சாரி பக்கம் மலை அனல் கக்கும், அப்ப வீட்டுக்குள்ள யோகாதான். அதையும் லேசா நெனைக்க வேணாம், பெங்களூர் முதியோர் இல்லத்துல ஆறு மாசம் யோகா செஞ்சவங்க சராசரியா ஒரு மணி நேரம் கூட தூங்குனாங்கன்னு 2005ல ஆய்வு வந்துச்சு. 1997 ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுல வாரம் நாலு தடவ, 30-40 நிமிஷம் மிதமான எக்ஸர்சைஸ் செஞ்சவங்களுக்கு 16 வாரத்துல முக்கா மணி நேரத்துக்கு கிட்ட கூடுச்சு. ரெண்டுமே அவங்கவங்க வாயால சொன்ன கணக்குதான், ஆனா பாருங்க, ரெண்டும் மாசக்கணக்கு, நம்மாளுங்க ஒரே வாரத்துல "ஒண்ணும் வேலைக்காவல"ன்னு ஷூவ பரண்ல போட்டுடறாங்க.

முட்டி வலிக்காரங்க நாற்காலில ஒக்காந்து எழுந்துக்கற எக்ஸர்சைஸ் செய்யலாம், காலுக்கு பலம், விழற பயமும் கொறையும்.

ராத்திரி சாப்ட்டு தெருவுல மெதுவா நடக்கறதுல தப்பில்ல, படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மூச்சு வாங்கற வேல மட்டும் வேணாம். கொறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா வாக்கிங்க மட்டும் நம்பாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க.